கூப்பன் வேறு, கூலி வேறு!

சென்ற சம்பள நாளன்று ஆபீஸ் வராந்தாவில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். சம்பளச் சீட்டு வாங்க வந்த பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், பட்டணத்துப் பேரங்காடி ஒன்றின் துண்டுப் பிரசுரத்தை நான்காய் மடித்துக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, 80 வெள்ளிக்குச் சாமான் வாங்கினா 8 வெள்ளி கழிவுன்னு இதுல போட்டிருக்கு. போன மாசம் இதை நம்பித்தான் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தா கையில இருந்த காசுதான் குறைஞ்சிருக்கு. எங்கே போச்சு அந்த 8 வெள்ளி? நீதான் கணக்குப் பிள்ளையாச்சே, சொல்லு" என்றார்.

செக்ரோல் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? அங்கேயே கணக்குப் போட்டோம். அவர் வீட்டுக்கு அந்த வாரம் தேவைப்பட்டவை அரிசி, எண்ணெய், சீனி, பருப்பு, நெத்திலி, மிளகாய்த்தூள், சவர்க்காரம். பட்டணத்து விலைக்கு எல்லாம் சேர்ந்து 54 வெள்ளி. அதே சாமான்களைத் தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கினால் 60 வெள்ளி. பட்டணம் போய்வர வண்டிக்குக் கொடுத்தது 6 வெள்ளி. ஆகவே கூப்பனே இல்லாமல் போய்வந்திருந்தாலும் 60 வெள்ளிதான். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் 8 வெள்ளி கழிவு வேண்டுமென்றால் 54ஐ 80 ஆக்கியாக வேண்டுமே! அதற்காக 26 வெள்ளிக்குப் பிஸ்கட் டின்னும், போத்தல் பானமும், துணிக்கு வாசனைத் திரவமும் கூடையில் ஏறின. 80இல் 8 போக 72, வண்டிக்கு 6, ஆகமொத்தம் 78 வெள்ளி. மிச்சம் என்று பிரசுரம் சொன்னது 8 வெள்ளி. அதிகப்படியாகக் கையை விட்டுப் போனது 18 வெள்ளி!

"அடப் பாவமே, கடைக்காரன் எனக்குக் கொடுத்தானா, நான் அவனுக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டுவிட்டு அந்த அக்கா சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே வாரத்தில் இன்னொரு தோட்டத்திலிருந்து நம் சங்கத் தோழர்கள் ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுத்துவந்த மாத ஊக்கத்தொகை 60 வெள்ளியை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட கடையில் மட்டும் செல்லும் 70 வெள்ளி மளிகைக் கூப்பன் கொடுக்கப் போகிறார்களாம். "60க்கு 70 வருகிறதே, இதை எதற்கு எதிர்க்க வேண்டும்?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்களாம்.

அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மூன்று கூப்பன், மூன்று குணம்

சிக்கனத்துக்கு நாம் விரோதிகள் அல்லர். வெயில் ஏறுவதற்குமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கு மங்காய்ப் பால் சேர்த்து, ஒட்டுப்பாலையும் விடாமல் பொறுக்கிக் கொண்டுவரும் தொழிலாளிக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 5 காசை விடாமல் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. அது நமக்கு வாழ்க்கை.

ஆனால் கூப்பன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் நம் லயத்துக்குள் வருகின்றன. ஒன்று, வியாபாரி கொடுப்பது. இரண்டு, அரசாங்கம் கொடுப்பது. மூன்று, முதலாளி கூலிக்குப் பதிலாகக் கொடுக்க நினைப்பது. முதலாவதை அளந்து வாங்கவேண்டும். இரண்டாவதை ஒரு காசு விடாமல் வாங்கவேண்டும். மூன்றாவதைத் தொடவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாதவர், மிச்சம் பிடிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே ஏமாறுவார்.

வியாபாரியின் கூப்பன்

கூப்பன் என்பது விளம்பரத்தின் பிள்ளை. அமெரிக்காவில் 1880களின் இறுதியில் கோக்கா கோலா என்ற அன்றைய புதுப் பானத்தை ஜனங்களுக்குப் பழக்குவதற்காக, ஒரு குவளை இலவசம் என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். குடித்துப் பழகியவன் அடுத்த குவளைக்குக் காசு கொடுப்பான் அல்லவா? அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தந்திரம் மாறவில்லை. தேவையில்லாததைத் தேவை என்று நினைக்கவைப்பதும், கொஞ்சம் வாங்க வந்தவனை அதிகம் வாங்கவைப்பதும், பக்கத்துக் கடைக்குப் போகிறவனைத் தன் கடைக்கு இழுப்பதுமே அதன் வேலை.

எந்தச் சாமானுக்குக் கூப்பன் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். அரசாங்க உதவித்தொகையோடு 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்கு எந்தக் கடையாவது கூப்பன் அச்சடித்ததுண்டா? நாம் பார்த்ததில்லை. அதில் லாபம் குறைவு. பெயர் பெற்ற எண்ணெய்ப் போத்தலுக்கும், வாசனைச் சோப்புக்கும், பிள்ளைகள் அழுது கேட்கும் இனிப்புக்கும்தான் கூப்பன் வருகிறது. லாபம் எங்கே கொழுத்திருக்கிறதோ அங்கேதான் கழிவு கொடுக்க இடமிருக்கும்.

விலையைப் பார்க்காதீர்கள், எடையோடு சேர்த்து விலையைப் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம். 800 கிராம் சலவைத்தூள் 8 வெள்ளி. 1 வெள்ளி கூப்பன் போக 7 வெள்ளி. அதன் பக்கத்திலேயே பெயர் தெரியாத ஒரு கிலோ சலவைத்தூள் 7 வெள்ளி 50 காசு. கூப்பன் வைத்திருப்பவர் 7 வெள்ளியைத்தான் எடுப்பார். ஆனால் 100 கிராமுக்கு முதலாவது 87 காசுக்கும் மேல். இரண்டாவது 75 காசுதான். நிறுவைத் தராசின் முன் நின்று பால் எடையைச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு பெரிய வித்தையா?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கூப்பன் கையில் ரொக்கம் இருப்பவனுக்காக அச்சடிக்கப்படுகிறது. சட்டப்படி நம் சம்பளம், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வரவேண்டும். ஆகவே பல தோட்டங்களில் 5, 6, 7 என்று தேதி ஆகிவிடுகிறது. கூப்பனின் கெடுவோ மாதக் கடைசியோடு முடிந்துவிடும். மாதக் கடைசியில் நம் கையில் என்ன இருக்கிறது? பற்றுப் புத்தகம் இருக்கிறது! பற்றுப் புத்தகத்தைக் காட்டினால் எந்தப் பேரங்காடி கழிவு கொடுக்கும்?

தோட்டத்துக் கடைக்காரரை இங்கே நாம் திட்டவரவில்லை. மழை பிடித்துக்கொண்டு வெட்டு நின்றுபோகும் நாட்களிலும், இலை உதிர்ந்து பால் வற்றும் மாதங்களிலும் நம் அடுப்பு எரிவது அவர் எழுதும் பற்றினால்தான். ஆனால் 54 வெள்ளிச் சாமானுக்கு 60 எழுதினால், அந்த 6 வெள்ளி என்ன? பெயர் சொல்லாத வட்டி! ஆகவே மிச்சம் பிடிக்க நினைக்கும் குடும்பம் முதலில் தேடவேண்டியது கூப்பனை அல்ல. பற்றிலிருந்து விடுபடும் வழியை. மாதம் 20 வெள்ளி பழைய பற்றைக் குறைத்து, ஒரு வாரச் சாமானையாவது ரொக்கத்துக்கு வாங்கப் பழகவேண்டும். ரொக்கம் கையில் வந்தபின்தான் கூப்பன் நம் கையாள் ஆகும். அதுவரை நாம்தான் அதன் கையாள்.

கூப்பனைத் தோற்கடித்த நால்வர்

அந்த அக்காவின் கணக்கை அத்தோடு விடவில்லை. அடுத்த மாதம் அவரும் அதே லயத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையானதைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டுத் தாளில் முதல்நாளே எழுதிக்கொண்டார்கள். தாளில் இல்லாதது கூடையில் ஏறக்கூடாது என்பது கட்டளை. வீட்டுக்கு 54 வெள்ளி. நான்கு வீட்டுக்கு 216. அதை 108, 108 என்று இரண்டு பில்லாகப் பிரித்தார்கள். பில்லுக்கு ஒரு கூப்பனாக 16 வெள்ளி கழிந்தது. நால்வருக்கும் ஒரே வண்டி, 6 வெள்ளி. ஆக 206 வெள்ளி. தலைக்கு 51 வெள்ளி 50 காசு!

தோட்டத்துக் கடையில் 60 ஆகியிருக்கும். இப்போது 8 வெள்ளி 50 காசு மெய்யாகவே மிச்சம். ஒரு பிஸ்கட் டின்கூட அனாவசியமாக வரவில்லை. தனியாகப் போனபோது 18 வெள்ளி இழக்கவைத்த அதே தாள், நால்வராகப் போனபோது நமக்கு ஊழியம் செய்தது. தோழர்களே, சங்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

கடையில் எழுதிப்போட்டது ஒரு விலையும் கவுண்டரில் அடித்தது வேறு விலையுமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதையும், இல்லாத சரக்கைக் காட்டி ஆளை இழுப்பதையும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டியதில்லை. 1969 முதல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த நாட்டுச் சாமானிய மக்களுக்குச் சொல்லிவருவதும் இதைத்தான்: வாங்குபவன் வாய் திறந்தால் விற்பவன் கை நேராகும்.

கைப்பேசியில் வரும் கூப்பன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்டுவிட்டு 5 வெள்ளி கழிவு தருகிறோம் என்பவனிடம் சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள். சாமான் வாங்க வங்கிக் கணக்கின் இரகசிய எண் எந்தக் கடைக்கும் தேவையில்லை.

அரசாங்கம் கொடுப்பது

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி முதல், 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மைகாட்டின் வழியாக 100 வெள்ளி வரவுவைக்கப்பட்டது. 'சாரா' என்ற அந்த உதவியைக் கொண்டு அரிசி, முட்டை, ரொட்டி, டின் உணவு முதலிய அடிப்படைச் சாமான்களைப் பதிவுபெற்ற கடைகளில் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் வரும் தொகை இதற்குப் புறம்பானது.

இது பிச்சையல்ல. நாம் வாங்கும் சாமானிலும் ஏறும் பேருந்திலும் நம் வரி இருக்கிறது. ஆகவே ஒரு காசு விடாமல் எடுக்கவேண்டும். ஆனால் நடந்தது என்ன? நம் தோட்டத்துப் பழைய லயத்தில் இருக்கும் கிழவர் ஒருவரும் அவர் மனைவியும் 200 வெள்ளியைத் தொடாமலே கெடுவை விட்டுவிட்டார்கள். பதிவுபெற்ற கடை பட்டணத்தில். கூட்டிப்போக ஆள் இல்லை. தங்கள் பெயரில் பணம் இருப்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்தக் குற்றம் யாருடையது? அரசாங்கத்தைச் சொல்லுமுன் நம்மையே சொல்லிக்கொள்கிறோம். ஆபீசில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுதும் நாம் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இனி அப்படி நடக்கக்கூடாது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கிராணியும் ஒரு மாதர் பகுதித் தோழியும் பொறுப்பேற்று, முதியவர்களை ஒரே வண்டியில் அழைத்துச்சென்று, கெடுவுக்குமுன் அவர்கள் உதவியை அவர்கள் கையால் வாங்கவைக்க வேண்டும். தோட்டத்துக் கடைக்காரர்களும் தங்கள் கடையைப் பதிவுசெய்யும்படி நாம் கேட்கவேண்டும். பக்கத்து நிரையில் வெட்டும் வெளிநாட்டுத் தோழனுக்கு இந்த உதவி கிடையாது என்பதையும் மறவாதீர்கள். கூட்டாகச் சாமான் வாங்கும்போது அவனையும் சேர்த்துக்கொள்வது நம் கடமை.

கூலிக்குப் பதில் கூப்பனா?

இப்போது அந்த அறிவிப்புக்கு வருவோம். 60 வெள்ளி ரொக்கம் போய் 70 வெள்ளிக் கூப்பன். பார்வைக்கு 10 வெள்ளி லாபம். கிராணிக் கணக்குக்கு அது தாங்குமா?

அந்தக் கூப்பன் செல்லுமிடம் ஒரே கடை. போட்டி இல்லாத கடையில் விலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? மேலே சொன்ன அளவிலேயே பட்டணத்தில் 54 ஆகும் சாமான் அங்கே 60 என்று வைத்தால், 70 வெள்ளிக் கூப்பனுக்குக் கிடைக்கும் சாமான் பட்டணத்தில் 63 வெள்ளி பெறும். சரி, அப்போதும் 3 வெள்ளி அதிகம்தானே என்பீர்கள். பொறுங்கள்! ஊக்கத்தொகை ரொக்கமாக வந்தால் அது ஊழியர் சேமநிதிக் கணக்கில் சேரும். 5,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பளம் பெறும் மலேசியத் தொழிலாளிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு 13 விழுக்காடு. 60 வெள்ளிக்கு ஏறக்குறைய 7 வெள்ளி 80 காசு. சேமநிதிச் சட்டம் பணமாகக் கொடுக்கும் ஊதியத்தையே கணக்கில் எடுக்கிறது. கூப்பன் பணமல்ல. ஆகவே 67 வெள்ளி 80 காசு போய் 63 வெள்ளி வருகிறது. மாதம் 4 வெள்ளி 80 காசு நட்டம். முதலாளிக்கு மிச்சமாகும் சேமநிதிப் பங்கு மட்டும் ஆண்டுக்கு 93 வெள்ளி 60 காசு, ஒவ்வொரு தலைக்கும்! அந்தத் தொகை, 60 வயதில் லயத்தைக் காலிசெய்துவிட்டு வீடு தேடி அலையப்போகும் ஒருவரின் கடைசிக் காசிலிருந்து பிடுங்கியது.

இன்னும் கேளுங்கள். கூப்பனைக் கொடுத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பேருந்துக் கட்டணம் கட்டமுடியுமா? மருந்துக்கடையில் மாத்திரை வாங்கமுடியுமா? பக்கத்து வீட்டு மரணத்துக்கு மொய் எழுதமுடியுமா? 67 வெள்ளிக்கு வாங்கினால் மீதி 3 வெள்ளியைக் கையில் கொடுப்பார்களா? பணம் என்பது தொழிலாளியின் சுதந்திரம். எதை, எங்கே, எப்போது வாங்குவது என்ற அந்தச் சுதந்திரத்தைக் கத்தரித்துவிட்டு, 10 வெள்ளி மதிப்பை அச்சில் கூட்டிப் போடுவதுதான் கூப்பன்.

இது புதுச் சங்கதி அல்ல. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளிக்குக் கூலிக்குப் பதில் கம்பெனிக் கடைச் சரக்கைக் கட்டி அடித்தார்கள். அந்த அநியாயத்தைத் தடுக்க 1831இல் அங்கே சட்டம் வந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்தில் இங்கே கங்காணியே கடை வைத்திருந்த தோட்டங்களும் உண்டு. காட்டில் ஆள் பார்ப்பவரும் அவரே; கடையில் கடன் எழுதுபவரும் அவரே. சம்பளம் கைக்கு வருமுன் கடைக்குப் போய்விடும். கடன் தீராதவன் தோட்டத்தை விட்டு எங்கே போவான்? கால் விலங்கு இரும்பால்தான் செய்யவேண்டும் என்பதில்லை, பற்றுச்சீட்டாலும் செய்யலாம்.

அந்த விலங்கை உடைக்கத்தான் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் தெளிவான பிரிவுகள் எழுதப்பட்டன. சம்பளத்தை எங்கே செலவழிக்க வேண்டும், எப்படிச் செலவழிக்க வேண்டும், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்கக்கூடாது. விதித்தால் அது செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. முன்பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. சில்லறைக் கடையிலும் மதுக்கடையிலும் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. இந்த மூன்றையும் வரிசையாக எழுதிவைத்தவர்களுக்குத் தோட்டத்துக் கடையின் சரித்திரம் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவேண்டாமா?

தீபாவளிக்கு ஒரு பரிசுக் கூடையோ, சம்பளத்துக்கு மேலாக ஒரு மூட்டை அரிசியோ நிர்வாகம் அன்போடு கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். அதில் தகராறு இல்லை. ஆனால் உழைத்துப் பெற்றதை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் கூப்பனை வைப்பது பரிசு அல்ல. கூப்பன் வேறு, கூலி வேறு!

மூன்று கேள்விகளுக்குப் பதில்

"ரொக்கமாகக் கொடுத்தால் சிலர் குடித்துவிடுகிறார்கள். கூப்பனாக இருந்தால் அடுப்படிக்காவது போய்ச் சேரும்" என்று சில தாய்மார்களே நம்மிடம் சொன்னார்கள். இதை இலேசாகத் தள்ளமாட்டோம். சொன்னவர்கள் அடிபட்டவர்கள். தோட்டத்தில் சம்பள நாள் வந்தால் எத்தனை வீட்டில் பயம் வருகிறது என்பது ஒரு லயத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் குடிப்பவன் கூப்பனை என்ன செய்வான்? 70 வெள்ளிக் கூப்பனை 50 வெள்ளிக்கு விற்றுக் குடிப்பான். அப்போது நட்டம் இன்னும் 20 வெள்ளி! வேலை செய்யும் பெண்ணின் சம்பளம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டுமே விழவேண்டும். அட்டை அவள் கையில் இருக்கவேண்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் தராத கணவனைக் கிளைக் கமிட்டி கூப்பிட்டுக் கேட்கவேண்டும். ஒருவன் குடிக்கிறான் என்பதற்காக நூறு பேரின் கூலியைக் கடைச்சீட்டு ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

"சங்கம் சம்பள உயர்வைப் பேசட்டும், சீனி விலையை எதற்குப் பேசவேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 வெள்ளியாயிற்று. பலகாலப் போராட்டத்தின் பலன் அது. ஆனால் அந்த 200 வெள்ளி எந்த வழியாக வந்தது என்று பார்ப்பவர்கள், எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கவேண்டாமா? தோம்பில் ஓட்டையை வைத்துக்கொண்டு பாலை மட்டும் அதிகமாக ஊற்றி என்ன பயன்?

"கூட்டுறவுக் கடையெல்லாம் அந்தக் காலத்திலேயே வைத்துப் பார்த்தாயிற்று, எல்லாம் மூடிப்போச்சு" என்பது மூன்றாவது குரல். உண்மைதான். போருக்குப்பின் பல தோட்டங்களில் திறந்த கூட்டுறவுக் கடைகள் நிலைக்கவில்லை. கடன் கொடுத்துக் கெட்டவை உண்டு. கணக்கு எழுதாமல் கெட்டவையும் உண்டு. கணக்கு என்றவுடன் கிராணிமார்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய இடமும் அதுதான். ஆனால் ஒரு மரத்தில் பட்டை கெட்டுப்போனால் தோட்டத்தையே அழிப்பார்களா?

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர், 28 பவுன் முதல் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தார்கள். வைத்திருந்த சரக்கு வெண்ணெய், சீனி, மாவு, மெழுகுவர்த்தி போன்ற சிலவே. ரொக்கத்துக்கு மட்டும் வியாபாரம்; சரியான எடை; வருஷ லாபம் அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்ப அவரவருக்கே. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அதுவே வித்து. நம் பக்கத்துச் சிங்கப்பூரில், விலைவாசி ஏறிய 1973ஆம் ஆண்டில், தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் தன் முதல் கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அதுவே 1983இல் ஃபேர்பிரைஸ் ஆயிற்று. இங்கே நம் நாட்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய இனத்துக்கு ஒரு மூட்டை அரிசியைக் கூட்டாக வாங்கத் தெரியாதா?

என்ன செய்யவேண்டும்?

கடை கட்டுங்கள் என்று நாளைக்கே சொல்லவில்லை. நான்கு வீடு சேர்ந்து ஒரு தாள் எழுதுங்கள். அது நிலைத்தால் பத்து வீடு சேருங்கள். பத்து வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் மொத்தக் கடையில் வாங்கிப் பாருங்கள். கூப்பன் கொடுக்காத கழிவை மொத்த விலை கொடுக்கும். ரொக்கத்துக்கு மட்டுமே வாங்குங்கள். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, படிக்கத் தெரிந்த பிள்ளையைவிட்டு லயத்தில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். கிராணிமார்கள் வருகிறோம், இம்முறை கணக்குப் பிசகாது. ஓர் ஆண்டு நிலைத்து நின்றால், கூட்டுறவு ஆணையத்தில் பதிவுசெய்வதைப் பற்றிக் கிளைக் கூட்டத்தில் பேசுவோம்.

கூலிக்குப் பதில் கூப்பன் என்று எந்த நிர்வாகமாவது அறிவிப்பு ஒட்டினால், கையெழுத்துப் போடாதீர்கள். அறிவிப்பின் நகலை எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். "10 வெள்ளி கூட வருகிறதே" என்று தனியாகப் போய்ச் சம்மதம் சொல்லாதீர்கள். தனியாகப் போன அக்கா 18 வெள்ளி இழந்தார். நால்வராகப் போனபோது ஜெயித்தார். அவர் நேற்றும் ஆபீசுக்கு வந்திருந்தார். பிரசுரம் எதுவும் கையில் இல்லை. அடுத்த மாதம் போவதற்கு ஆறு வீட்டுப் பெயர் எழுதிய நோட்டுத் தாள் இருந்தது.

கழிவைக் கேட்டு வாங்குவோம்! உதவியை உரிமையோடு வாங்குவோம்! ஆனால் கூலியைப் பணமாகவே வாங்குவோம்!

ஒற்றுமையே நம் பலம்!